சொல்லுக்குள் ஒளிந்த சொல்
குறுக்கெழுத்துப் புதிரும் தமிழ் மரபும்

புதிர் போடுதல் மனித இனத்தின் மிகப் பழைய விளையாட்டுகளுள் ஒன்று. பாட்டி போட்ட விடுகதையில் தொடங்கிப் புலவர் பாடிய சிலேடை வரையில், ஒன்றைச் சொல்வதுபோல் மற்றொன்றைச் சொல்லிக் கேட்போரைத் திகைக்க வைப்பதில் மக்கள் என்றும் இன்பம் கண்டுள்ளனர். விடை கண்டவுடன் உள்ளம் துள்ளுகிறது. ஆயின், அவ்விடை எவ்வாறு வந்தது என்று அருகிலிருப்பவருக்கு விளக்கும்போது பிறக்கும் இன்பம் அதனினும் பெரிது. விடையை ஊகித்தவன் தன்னளவில் மகிழ்கிறான். விளக்க வல்லவனோ பிறரையும் மகிழ்விக்கிறான். உரையாசிரியர்களைப் போற்றி வந்த தமிழ் மரபிற்கு இவ்வுண்மையை நாம் எடுத்துக் கூற வேண்டியதில்லை.

ஐதராபாத், செகந்திராபாத் என்னும் இரட்டை நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், காலைக் காப்பியோடு ஆங்கில நாளிதழின் குறுக்கெழுத்துக் கட்டத்தை நிரப்பும் பழக்கம் இரண்டு தலைமுறைகளாக உண்டு. இவ்விளையாட்டு எங்கே பிறந்தது, எவ்வழியே நம்மிடம் வந்தது, இதற்கும் நம் மொழிக்கும் உறவு உண்டா என்னும் வினாக்களுக்கு இக்கட்டுரையில் விடை காண முயல்வோம்.

கட்டம் பிறந்த கதை

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆர்தர் வின் என்பவர், 'நியூயார்க் வேர்ல்ட்' என்னும் நாளிதழின் ஞாயிற்றுக்கிழமை வேடிக்கைப் பகுதியைக் கவனித்து வந்தார். 1913ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், அப்பகுதியில் வைர வடிவிலான கட்டமொன்றை வரைந்து, குறிப்புகளுக்கு ஏற்ற சொற்களால் அதனை நிரப்புமாறு வாசகரைக் கேட்டார். குறுக்கெழுத்துப் புதிரின் தொடக்கம் இதுவே. புலம்பெயர்ந்த ஒருவரின் கையில் இவ்விளையாட்டு பிறந்தது என்பதை நம்மனையோர் நினைவிற் கொள்ளலாம்.

1924இல் நியூயார்க்கில் குறுக்கெழுத்துப் புதிர்கள் முதன்முதலாக நூல்வடிவம் பெற்றன. அமெரிக்கா முழுவதும் இப்பித்துப் பரவியது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இங்கிலாந்தையும் பற்றிக்கொண்டது. அங்கேதான் இதன் இயல்பு மாறியது. அமெரிக்கப் புதிரில் குறிப்பு என்பது சொல்லின் பொருளே. 'மலர்' என்று குறிப்பிருந்தால் அது ஏதேனும் ஒரு பூவின் பெயர்; எழுத்தை எண்ணி நிரப்பிவிடலாம். இங்கிலாந்தினரோ குறிப்பையே ஒரு புதிராக்கினர். வெளிப்பார்வைக்கு ஒரு பொருள் தரும் வாக்கியம். அதன் உள்ளே விடையைக் கட்டுவதற்கான வழி. ஆங்கிலத்தில் 'கிரிப்டிக்' என்று வழங்கும் இவ்வகையை நாம் 'மறைகுறிப்பு' என்போம்.

இத்துறையில் முதற்பெயர் பெற்றவர் எட்வர்டு பவிஸ் மாதர்ஸ். 1926 முதல் 1939இல் மறையும் வரை, 'அப்சர்வர்' இதழில் 'டார்க்வெமடா' என்னும் புனைபெயரில் புதிர் அமைத்தார். டார்க்வெமடா என்பது ஸ்பெயின் நாட்டில் மதவிசாரணை நடத்திக் கொடுமைக்குப் பேர்போன ஒருவரின் பெயர். விடை காண்போரை வாட்டுவதே தம் தொழில் என்று அவர் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டார் போலும்! லண்டன் 'டைம்ஸ்' நாளிதழ் 1930 பிப்ரவரி முதல்நாள் தன் புதிரைத் தொடங்கியது. படித்தோர் நடுவே இவ்விளையாட்டிற்கு மதிப்பு உயர்ந்தது.

போர்க்காலத்தில் இதன் பயன் அரசுக்கும் புலப்பட்டது. 1942 ஜனவரியில் 'டெய்லி டெலிகிராப்' நாளிதழ், 12 நிமிடங்களுக்குள் புதிரை முடிக்க வல்லாரை அழைத்து ஒரு போட்டி நடத்தியது. அதில் திறம் காட்டியோர் சிலருக்குப் பின்னர் இராணுவ அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பகைவரின் மறைமொழிச் செய்திகளை உடைத்துக்கொண்டிருந்த பிளெட்ச்லி பார்க் நிலையத்தில் அவர்களுக்குப் பணி காத்திருந்தது. 1944இலோ அதே நாளிதழின் புதிர்களில் யூட்டா, ஒமாகா, ஓவர்லார்டு, மல்பெரி, நெப்டியூன் என்னும் சொற்கள் அடுத்தடுத்து விடைகளாக வந்தன. நார்மண்டிப் படையெடுப்பின் இரகசியக் குறியீட்டுப் பெயர்கள் இவையே. புதிர் அமைத்த லியோனார்டு டா என்னும் தலைமையாசிரியரை உளவுத்துறையினர் வந்து விசாரித்தனர். ஒற்றர் வேலை எதுவும் வெளிப்படவில்லை.

மறைகுறிப்பின் இலக்கணம்

மறைகுறிப்பு எவ்வாறு இயங்குகிறது? ஒவ்வொரு குறிப்பிலும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, விடையின் நேர்ப்பொருள்; அது குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோ நிற்கும். மற்றொன்று, விடையின் எழுத்துகளைக் கட்டும் வழி. இரண்டும் ஒரே சொல்லில் வந்து சந்திக்க வேண்டும். நம் மொழியிலேயே சில குறிப்புகளை அமைத்துப் பார்ப்போம். அடைப்பிலுள்ள எண் விடையின் எழுத்தெண்ணிக்கை. மெய்யெழுத்தும் ஓர் எழுத்தாகவே கொள்ளப்படும்.

முதலாவது, ஒளித்து வைத்தல். 'வந்ததா மரைக்கூட்டம்? உள்ளே ஒளிந்திருக்கிறது மலர் (3).' மரை என்பது மானில் ஒரு வகை. மான்கூட்டம் வந்ததா என்று கேட்பதுபோல் வாக்கியம் நடக்கிறது. மானை மறந்துவிட்டு எழுத்தை மட்டும் நோக்கினால், 'வந்ததா' என்பதன் ஈற்றெழுத்தும் 'மரை'யும் சேர்ந்து 'தாமரை' ஆவதைக் காணலாம்.

இரண்டாவது, திருப்புதல். 'சிவனை அழைத்துத் திரும்பிப் படி (2).' சிவனை அழைத்தால் 'சிவா'. அதனைத் திருப்பினால் 'வாசி'. வாசி என்றால் படி. கோயிலுக்குப் போய் வந்து பாடத்தைப் படி என்று பிள்ளைக்குச் சொல்வதுபோன்ற குறிப்பிற்குள் விடை அடங்கியிருக்கிறது.

மூன்றாவது, தலை நீக்கல். 'தலை வெட்டிய குதிரை, கடலில் எழுவது (2).' குதிரையின் தலை அதன் முதலெழுத்து. அது போனபின் எஞ்சுவது 'திரை'. கடலில் எழும் அலை.

நான்காவது, நடுவே நுழைத்தல். 'கதைக்கு நடுவே விருந்து தொடங்கினால் செய்யுள் (3).' விருந்தின் தொடக்கம் 'வி'. அது 'கதை'க்கு நடுவே புகுந்தால் 'கவிதை'.

ஐந்தாவது, கோத்தல். 'பாட்டை அடுத்து வடகாற்று. சிறுமி உடுத்துவது (3).' பாட்டு என்பது 'பா'. வடக்கிலிருந்து வீசும் காற்று 'வாடை'. இரண்டும் சேர்ந்தால் 'பாவாடை'.

ஆறாவது, கலைத்தல். 'தவம் கலைந்தால் கொலை (3).' முனிவரின் சினம் நமக்குத் தெரிந்ததே. ஆனால் இங்கே கலைய வேண்டியவை 'தவம்' என்னும் சொல்லின் எழுத்துகள். அவற்றை மாற்றியடுக்கினால் 'வதம்'.

ஏழாவது, இருபொருள். 'முருகன் ஏந்தியதைப் பட்டதாரி தேடுகிறான் (2).' முருகன் ஏந்தியது வேல். ஏந்தியதை என்று இரண்டாம் வேற்றுமையில் சொன்னால் 'வேலை'. பட்டதாரி தேடுவதும் வேலையே.

இவற்றை நோக்கும்போது ஓருண்மை விளங்கும். விடை சரியா, தவறா என்பதை மறுநாள் இதழைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. குறிப்பே சான்று, விளக்கமே தீர்ப்பு. 'கொலை' என்பதற்குப் பொருந்தும் மூன்றெழுத்துச் சொல் வேறு இருப்பினும், 'தவம்' கலைந்து வருவது 'வதம்' ஒன்றே. ஊகத்திற்கு இங்கே இடம் உண்டு; ஊகம் மெய்ப்பிக்கப்படும் வரையில் அதற்கு மதிப்பில்லை.

ஏமாற்றுவதிலும் ஓர் ஒழுங்கு

புதிரமைப்போர் வாசகரை ஏமாற்றலாம், வஞ்சித்தல் ஆகாது. இவ்வேறுபாட்டை வரையறுத்துக் கூறியவர் டி.எஸ். மக்னட். பழைய கிரேக்க, இலத்தீன் மொழிகளைக் கற்பித்த பள்ளியாசிரியரான இவர், டார்க்வெமடாவிற்குப் பின் 'சிமினீஸ்' என்னும் புனைபெயரில் 1939 முதல் 1971 வரை 'அப்சர்வர்' இதழில் புதிர் அமைத்தார். 1966இல் இக்கலையின் விதிகளைத் தனி நூலாகவே எழுதினார். நேர்ப்பொருள் துல்லியமாக இருத்தல் வேண்டும். எழுத்தைக் கட்டும் வழி நேர்மையாக இருத்தல் வேண்டும். இவ்விரண்டுக்கும் புறம்பான சொல் ஒன்றும் இருத்தல் ஆகாது. அவர் கொள்கையின் சாரம் இதுவே.

இதனைப் படிக்கும் தமிழருக்கு நன்னூல் நினைவிற்கு வராமற் போகாது. நூலுக்குரிய குற்றங்கள் பத்தனுள், குன்றக் கூறல், மிகைபடக் கூறல் என்னும் இரண்டையும் பவணந்தியார் முதலில் வைத்தார். மறைகுறிப்பில் ஒரு சொல் குன்றினால் விடை கிட்டாது. ஒரு சொல் மிகுந்தால் விடை காண்போர் வீணே அலைவர். மயங்க வைத்தல் என்னும் குற்றம் ஒன்றுதான் இங்கே விதிவிலக்குப் பெறுகிறது. அதுவும் முற்றிலும் அன்று. மயக்கம் வாக்கியத்தின் மேற்போக்கில் இருக்கலாம். விளக்கத்தில் இருத்தல் கூடாது.

நம் முன்னோர் அறிந்த வகைகள்

தொல்காப்பியர் செய்யுளியலில் 'பிசி' என்னும் வகையைக் கூறி, உவமையால் அமைவதும், தோன்றுவதைச் சொல்லி மறைந்ததை உய்த்துணர வைப்பதும் என அதனை இருவகைப்படுத்தினார். விடுகதைக்கு இலக்கணம் வகுத்த பழமை நம் மொழிக்கு உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் தண்டியலங்காரம், வடமொழித் தண்டியின் நூலைத் தழுவி எழுந்தது. அது சொல்லணியில் சித்திரகவி வகைகளைப் பட்டியலிடுகிறது. அப்பட்டியலை மேலே கண்ட குறிப்பு வகைகளோடு ஒப்பு நோக்கினால் வியப்பு மேலிடுகிறது.

ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள்ளே மற்றொரு செய்யுளை மறைத்து வைத்தல் கரந்துறைச் செய்யுள், காதைகரப்பு என்று பெயர் பெறும். நாம் முதலில் கண்ட ஒளித்து வைத்தல் இதனோடு ஒத்தது. முடிவிலிருந்து படித்தாலும் மாறாது வருவது மாலைமாற்று. திருஞானசம்பந்தர் சீகாழியைப் பாடிய மாலைமாற்றுப் பதிகம் மூன்றாம் திருமுறையில் உள்ளது. திருப்புதலின் உச்சம் அது. ஒரு சொல்லின் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக் குறைத்து வேறு வேறு சொற்களாக்குதல் அக்கரச்சுதகம். குதிரை திரையானது அவ்வழியே. எழுத்தைக் கூட்டிக் கூட்டி வேறு சொல்லாக்குதல் எழுத்து வருத்தனம். கதை கவிதையானதை அதனோடு சேர்க்கலாம். பல வினாக்களுக்கு விடையாகும் சொற்களை முறையே கோத்து ஒரு தொடராக்குதல் வினாவுத்தரம். 'பாவாடை' அவ்வகையின் சிறு வடிவம். இருபொருளுக்கோ சிலேடை இருக்கவே இருக்கிறது. பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் பாடிய காளமேகத்தின் பெயரை அறியாத தமிழர் உண்டோ?

கட்டமும் நம்மவர்க்குப் புதிதன்று. சருப்பதோபத்திரம் என்னும் சித்திரகவியில், எட்டெழுத்துடைய அடிகள் நான்கினை மேலிருந்து கீழும் மீண்டும் கீழிருந்து மேலுமாக 64 கட்டங்களில் எழுதுவர். இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என நாற்புறம் படிப்பினும் அதே செய்யுள் வரும்.

இவற்றை எடுத்துக் காட்டியது, எல்லாம் நம்மிடமே பிறந்தன என்று பெருமை பேசுவதற்காக அன்று. எழுத்துகளைக் கலைத்து அடுக்கும் முறைக்கு நேரான பெயர் தண்டியாசிரியர் பட்டியலில் இல்லை. ஆங்கிலேயர் நம் நூலைப் பார்த்துக் கற்றவரும் அல்லர். சித்திரகவி புலவர்களின் ஆற்றலைக் காட்டும் அரங்கு. மறைகுறிப்போ புகைவண்டியில் அமர்ந்து பென்சிலால் எழுதும் பொதுமக்களின் பொழுதுபோக்கு. வெவ்வேறு நிலங்களில், வெவ்வேறு நோக்கங்களோடு, மனித அறிவு ஒரே வகையான கதவுகளைத் திறந்திருக்கிறது என்பதே நாம் கொள்ளத்தக்க கருத்து. அக்கதவுகளுக்குத் தமிழில் பெயரும் இலக்கணமும் இருந்தன என்பது நமக்குரிய செல்வம்.

பரிசும் சட்டமும்

அவ்வாறாயின், தமிழில் மறைகுறிப்புப் புதிர் முன்பே தழைத்திருக்க வேண்டுமன்றோ? அவ்வாறு நிகழவில்லை. தமிழகத்திற்குக் குறுக்கெழுத்து வேறொரு வாயில் வழியே நுழைந்தது. 1928இல் 'ஆனந்த விகட'னை ஏற்று நடத்தத் தொடங்கிய எஸ்.எஸ். வாசன், 1930களில் அதில் பரிசுக்குரிய குறுக்கெழுத்துப் போட்டியை வெளியிட்டார். இதழின் விற்பனை உயர்ந்தது. நாட்டின் பல மொழிகளிலும் இத்தகைய போட்டிகள் பெருகின.

இப்பரிசுப் போட்டிகளின் பொதுவான இயல்பை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். 'இல்லறம் சிறக்க இது வேண்டும்' என்பது குறிப்பு. முதலெழுத்து விடுபட்டு 'ணம்' என்பது மட்டும் கட்டத்தில் நிற்கிறது. விடை பணமா, குணமா? இரண்டும் பொருந்தும். எது சரி என்பது முன்னரே உறையிலிட்டு முத்திரை வைக்கப்பட்டிருக்கும். பத்துக் குறிப்புகளில் இவ்வாறு இரண்டிரண்டு வாய்ப்புகள் இருந்தால், எல்லாவற்றையும் நிரப்பி அனுப்ப 1,024 படிவங்கள் வேண்டும். மொழியறிவு இங்கே பாதி வழியோடு நின்றுவிடுகிறது. மீதியைக் கட்டணமும் நற்பேறும் முடிவு செய்கின்றன.

மாதச் சம்பளக்காரர்களின் பணம் இவ்வழியே கரைவதைக் கண்ட அரசு தலையிட்டது. ஆந்திரம், சென்னை, பம்பாய் முதலிய மாநிலங்களோடு அந்நாளைய ஐதராபாத் மாநிலமும் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டுக்கொண்டதன் பேரில், நாடாளுமன்றம் 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டத்தை இயற்றியது. மாதமொன்றுக்குப் பரிசின் மொத்த மதிப்பு ரூ.1,000க்கு மிகுதல் ஆகாது. ஒரு போட்டிக்கு 2,000 படிவங்களுக்கு மேல் ஏற்றல் ஆகாது. உரிமம் பெறல் வேண்டும். இவை அதன் முதன்மையான விதிகள். பரிசுப் போட்டி என்பதற்குத் தந்த வரையறையிலேயே குறுக்கெழுத்து பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருந்தது.

இச்சட்டத்தை எதிர்த்து ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1957 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. நற்பேற்றை நம்பிய போட்டி சூதாட்டம். அது வணிகம் என்னும் அரசியல் சட்டப் பாதுகாப்பைக் கோர இயலாது. பெரும்பகுதி திறமையைச் சார்ந்த போட்டி அத்தகையதன்று. அதற்கு இச்சட்டத்தின் கட்டுப்பாடு இல்லை. இவ்வாறு நீதிமன்றம் கோடு கிழித்தது. சொல் விளையாட்டில் அறிவு எங்கே முடிகிறது, ஆட்டம் எங்கே தொடங்குகிறது என்னும் வினா நாட்டின் உயர்ந்த மன்றம் வரை சென்றது என்பது குறிக்கத்தக்கது. பணமா குணமா என்று நாணயம் சுண்டுவதற்கும், தவத்தைக் கலைத்து வதத்தைக் காண்பதற்கும் உள்ள தொலைவு அந்தத் தீர்ப்பில் அளக்கப்பட்டிருக்கிறது.

கடற்படையிலிருந்து கட்டத்திற்கு

இனி மறைகுறிப்பு நம் நகருக்கு வந்த வரலாற்றைக் காண்போம். சென்னையிலிருந்து வெளிவரும் 'தி இந்து' ஆங்கில நாளிதழ் 1971 பிப்ரவரியில் குறுக்கெழுத்துப் புதிரைத் தொடங்கியது. அதே பத்தாண்டில் அந்நாளிதழ் ஐதராபாத்திலும் அச்சாகத் தொடங்கியது. பிற்பகலில் வந்து சேரும் சென்னைப் பதிப்பிற்குக் காத்திருந்த நம்மவர்க்கு, நாளிதழும் புதிரும் காலையிலேயே வாயிற்படியில் கிடைத்தன.

அந்நாளிதழுக்குத் தொடக்கக் காலத்தில் புதிர் அமைத்தவர்களுள் ஒருவரை நாம் சிறப்பாக நினைக்க வேண்டும். அவர் அட்மிரல் ராம் தாஸ் கட்டாரி. 1911இல் செங்கற்பட்டில் பிறந்தவர். 1927இல் பம்பாயில் 'டஃபரின்' பயிற்சிக் கப்பலின் முதல் அணியில் சேர்ந்தார். 1958 ஏப்ரலில் இந்தியக் கடற்படைக்குத் தலைமையேற்ற முதல் இந்தியர் என்னும் பெருமையைப் பெற்றார்; 1962இல் ஓய்வு பெற்றபின் பர்மாவில் இந்தியத் தூதராகவும் விளங்கினார். 1982இல் தம் வாழ்க்கை நினைவுகளை நூலாக வெளியிட்டார். 1983இல் செகந்திராபாத்தில் மறைந்தார். கப்பற்படையை நடத்திய கை, முதுமையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களில் சொற்களை அணிவகுத்து நிறுத்தியது. செங்கற்பட்டில் பிறந்து செகந்திராபாத்தில் வாழ்ந்த ஒருவர் அமைத்த புதிர், சென்னை நாளிதழின் வழியே தென்னாட்டு இல்லங்களுக்குச் சென்றது. நம் இரட்டை நகரங்களுக்கு இவ்வரலாற்றில் ஓரிடம் உண்டு என்பதற்கு இதுவே சான்று.

பரிசு இல்லை, கட்டணம் இல்லை. ஆயினும் பல்லாயிரவர் நாள்தோறும் அமர்ந்தனர். அலுவலகங்களில் நண்பகல் உணவு வேளையில் ஒருவர் குறிப்பைப் படிக்க, மற்றவர் விடை சொல்ல, மூன்றாமவர் அது ஏன் சரி என்று விளக்கிய காட்சி நம்மில் பலர் கண்டதே. 2000க்குப் பின்னர் இந்தியப் புதிரமைப்போர் பலர் புனைபெயர்களில் முறைவைத்து அமைக்கலாயினர். சாம்பாரும் சங்கராந்தியும் ஆங்கிலக் குறிப்புகளுக்குள் நுழைந்தன.

தமிழில் மலர்ந்த மறைகுறிப்பு

ஆங்கிலக் கட்டத்தில் தேர்ந்த தமிழர், தம் மொழியில் அதனைச் செய்து பார்க்கத் துணிந்ததும் புலம்பெயர்ந்த மண்ணிலேயே சிறப்பாக நிகழ்ந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து 2000இல் வெளிவரத் தொடங்கிய 'தென்றல்' மாத இதழில், வாஞ்சிநாதன் அமைத்த குறுக்கெழுத்துப் புதிர்கள் மறைகுறிப்பு வகையைச் சார்ந்தவை. தாய்நிலத்திற்கு வெளியே நடத்தப்பட்ட ஓர் இதழ் இதற்குக் களம் தந்தது என்பது நம் போன்ற சங்கங்களுக்கு ஊக்கம் தருவதாகும்.

தமிழில் கட்டம் அமைப்பது எளிய செயலன்று. ஆங்கிலத்திற்கு எழுத்து 26, நமக்கோ 247. இரண்டு சொற்கள் ஒரே எழுத்தில் குறுக்கிடும் வாய்ப்பு அந்த அளவிற்குக் குறைகிறது. மெய்யெழுத்து சொல்லுக்கு முதலாகாது. ஆகவே ஒரு சொல்லின் ஈற்றில் நிற்கும் 'ம்' மற்றொரு சொல்லின் தொடக்கமாக இருக்க இயலாது. சொற்கள் புணரும்போது தோன்றும் வல்லொற்று, ஒளித்து வைத்த சொல்லைக் காட்டிக்கொடுத்துவிடும். இத்தடைகள் அமைப்பவர்க்கு. விடை காண்பவர்க்கோ, உயிர்மெய் முழுவதும் ஒரே எழுத்தாக நிற்பதால், சொல் சொல்லாகவே திரும்புகிறது, பெயர்கிறது, கலைகிறது.

இங்கேதான் நம் கவலைக்குரிய செய்தி ஒன்று உண்டு. தமிழ்நாட்டிற்கு வெளியே வளரும் நம் பிள்ளைகள் பலர் தமிழ் பேசுகின்றனர். பள்ளியில் தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் எழுதுகின்றனர். தமிழ் எழுத்தை அறியார். தமிழ்ச் செய்தியையும் ஆங்கில எழுத்திலேயே எழுதி அனுப்புகின்றனர். பேச்சு இருக்கும்போது எழுத்து எதற்கு என்று கேட்கும் பெற்றோரும் உளர். அவர்களுக்கு விடையாக அந்தச் சிவன் குறிப்பையே காட்டலாம். 'சிவா' என்பதைத் தமிழில் எழுதித் திருப்பினால் 'வாசி' என்னும் உயிருள்ள சொல் கிடைக்கிறது. அதனையே ஆங்கில எழுத்தில் எழுதித் திருப்பினால் 'அவிஸ்' என்று பொருளற்ற ஒலியே எஞ்சும். சம்பந்தரின் மாலைமாற்றும், தண்டி வகுத்த அக்கரச்சுதகமும், நாம் அமைத்த சிறு குறிப்பும் தமிழெழுத்து என்னும் ஒரே தளத்தில் நிற்பவை. அத்தளம் போனால், கேட்கக் காது இருந்தும் விளையாடக் கை இராது.

நாம் வாழும் இந்நிலத்துத் தெலுங்கு மக்கள் அவதானக் கலையை இன்றும் மேடையேற்றிப் போற்றுகின்றனர். கொடுத்த சொற்களை அமைத்துப் பாடும் தத்தபதியையும், கேட்பவர் விலக்கும் எழுத்தைத் தவிர்த்துப் பாடும் நிஷித்தாக்ஷரியையும் காணச் சிறுவரும் வந்து அமர்கின்றனர். தமிழிலும் 1907இல் சென்னையில் சதாவதானம் நிகழ்த்திய செய்குத்தம்பிப் பாவலர் போன்றோர் இருந்தனர். அத்தகைய ஆற்றல் எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. மறைகுறிப்போ ஒரு தாளும் பென்சிலும் உள்ள எவர்க்கும் வாய்ப்பது.

ஆதலின் நம் சங்கத்தார்க்கு ஒன்று கூற விரும்புகிறோம். ஒவ்வொரு மாதக் கூட்ட அறிவிப்பின் கீழும் ஒரு தமிழ் மறைகுறிப்பை அச்சிடலாம். பரிசு வேண்டா, படிவம் வேண்டா. அடுத்த கூட்டத்தில் ஒரு சிறுவனோ சிறுமியோ எழுந்து விடையைக் கூறி, அது வந்த வழியையும் அவையோர்க்கு விளக்கினால் போதும். விடையை வீட்டில் யாரேனும் சொல்லிக் கொடுத்திருக்கலாம். விளக்கத்தைத் தானே எழுத்தெழுத்தாகக் காட்டியாக வேண்டும். அதற்குள் அக்குழந்தை தமிழ் எழுத்தைக் கற்றிருக்கும்.

தொடக்கமாக ஒரு குறிப்பினை இங்கே வைக்கிறோம்: 'அகத்தியர் குடித்ததைக் கொறிக்கலாம் (3).' விடையை இம்மலரில் எங்கும் அச்சிடவில்லை. வீட்டிலுள்ள முதியோரும் இளையோரும் ஒருங்கே அமர்ந்து கண்டுபிடிப்பார்களாக.